முதல் எக்ஸ்பாக்ஸ்: போர்டைப் பார்த்துத்தான் விலை பேசணும்

தன் எமனைத் தன் போர்டிலேயே சுமந்துகொண்டு வந்த வீடியோ கேம் கன்சோல் இது. 2001 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான முதல் எக்ஸ்பாக்ஸில் 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் பிராசசர், 64 எம்பி மெமரி, உள்ளேயே ஹார்ட் டிஸ்க் எல்லாம் உண்டு. கட்டுமானம் கெட்டி. செகண்ட் ஹேண்டில் இன்றைக்கும் தாராளமாக வாங்கலாம், திறந்து பார்க்கத் தயாராக இருந்தால். மேல்மூடி பளபளப்பாக இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

முதலில் அடியில் உள்ள சீரியல் நம்பர். கடைசி ஐந்து இலக்கங்களில் முதலாவது வருடம், அடுத்த இரண்டு வாரம், மீதி இரண்டு தொழிற்சாலை. 2004-இல் வரத் தொடங்கிய 1.6 பதிப்பு மதர்போர்டு என்றால் பெரிய தலைவலி ஒன்று குறைந்தது. 1.0 முதல் 1.5 வரை எதுவானாலும் கடிகாரக் கெபாசிட்டரைக் கழற்றியே ஆகவேண்டும். எமன் என்றது அதைத்தான்.

மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் 1 ஃபாரட், 2.5 வோல்ட் சூப்பர் கெபாசிட்டர் அது. கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தைச் சில மணி நேரம் ஓட வைப்பது மட்டுமே அதன் வேலை. வயதானதும் கசிகிறது. கசிந்த திரவம் முன்பக்க பட்டன்களுக்குப் போகும் மெல்லிய டிராக்குகளில் (போர்டில் மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகள்) பரவுகிறது. பட்டனை அமுக்கினால் அந்த லைன் கிரவுண்டை, அதாவது போர்டின் பூஜ்ய வோல்ட் லைனை, தொடும். கசிவும் அதையேதான் செய்கிறது. யாரும் தொடாமலே கன்சோல் ஆன் ஆவதும், டிஸ்க் ட்ரே தானாக வெளியே வருவதும் இதனால்தான். பேய் இல்லை. இன்னும் விட்டால் செம்பையே அரித்து லைனைத் துண்டித்துவிடும், அப்போது பவர் பட்டன் செத்துப்போகும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எக்ஸ்பாக்ஸில் எஜெக்ட் பட்டனும் மெஷினை ஆன் செய்யும். பவருக்கு அசையாமல் எஜெக்டுக்கு எழுந்தால், சப்ளை நன்றாக இருக்கிறது, பவர் பட்டனோ அதன் டிராக்கோ போயிருக்கிறது. இரண்டுக்குமே எழவில்லை என்றால் மெஷின் அணைந்திருக்கும்போதும் வரவேண்டிய 3.3 வோல்ட் ஸ்டாண்ட்பை வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள்.

திறக்க டோர்க்ஸ் டி20 (நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர்) வேண்டும். ஆறு திருகு: நான்கு ரப்பர் கால்களுக்கு அடியில், இரண்டு ஸ்டிக்கர்களுக்கு அடியில். உள்ளே டி10. பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் நிற்கும், அந்தப் பக்கம் விரலை நீட்டாதீர்கள்.

கெபாசிட்டரைக் கழற்றும்போது பலர் கோட்டை விடுவது கிரவுண்ட் காலில். அகலமான செம்புப் பரப்பு சூட்டை உறிஞ்சிவிடும். ஊசி முனை அயர்ன் இங்கே உதவாது. உளி முனை போட்டு, 60/40 ஈயத்தை (சால்டர்) புதிதாகக் கொஞ்சம் சேர்த்து, 370 டிகிரி வாக்கில் இரு கால்களையும் மாற்றி மாற்றிச் சூடாக்கினால் வந்துவிடும். பலம் கொடுத்து இழுத்தால் கால் ஒட்டியிருக்கும் செம்புப் பேடும் கூடவே வரும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பல் துலக்கும் பிரஷும் கொண்டு இரு பக்கமும் தேய்க்க வேண்டும். மேலே மட்டும் துடைத்துவிட்டு மூடினால் ஆறு மாதத்தில் அதே நோய் திரும்பும். வேறு கெபாசிட்டர் போடத் தேவையில்லை. பிளக்கை எடுத்தால் தேதி அழியும், அவ்வளவுதான்.

பச்சைப் பூச்சு கறுத்த இடம்தான் சந்தேகத்துக்குரிய இடம். பிளேடு நுனியால் செம்பு மின்னும்வரை சுரண்டி, இரு முனையிலும் மீட்டரை வைத்துப் பார்க்கவும். பீப் வராவிட்டால் லைன் அறுந்திருக்கிறது, 30 கேஜ் வயரால் ஜம்பர் போட்டு இரு முனையையும் இணைக்கணும்.

ஆன் ஆகி, அணைந்து, மூன்றாவது முறையில் முன்பக்க விளக்கு சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மின்னினால் கோளாறு வேறு இடத்தில். பிராசசர் பக்கத்துக் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா பாருங்கள். 1500 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் வகை என்றால் அதே மதிப்பில் லோ இஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) வகை போடணும். சாதாரண வகையைப் போட்டால் பணம்தான் தண்டம். திரையில் 5 முதல் 9 வரை பிழை எண் வந்தால் கோளாறு ஹார்ட் டிஸ்க்கில், 10 முதல் 12 என்றால் டிவிடி டிரைவில்.

பவர் சப்ளைக்கும் ஒரு வார்த்தை. ஆரம்பகால மெஷின்கள் சிலவற்றில் இருக்கும் ஃபாக்ஸ்லிங்க் நிறுவனத்து சப்ளையில் பிளக் சொருகும் இடத்து ஈயம் விரிசல் விட்டுக் கருகும். 2005-இல் மைக்ரோசாஃப்ட் சுமார் 1.4 கோடி பவர் கார்டுகளை மாற்றித் தர முன்வந்தது நினைவிருக்கலாம். கார்டை மாற்றினால் விரிசல் ஒட்டாது, ஈயத்தைப் புதிதாக வைக்கணும். அமெரிக்க மெஷினை நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் சொருகினால் கதை முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

ஓடுகிற மெஷின் கிடைத்தால் முதல் வேலையாக போர்டில் உள்ள 256 பைட் ஈப்ராமை (கரண்ட் போனாலும் தகவலை அழிக்காத சின்ன மெமரி சிப்) நகல் எடுத்து வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் பூட்டுக்குச் சாவி அதில்தான் இருக்கிறது. நகல் இல்லாமல் போர்டு செத்தால், நல்ல டிஸ்க்கையும் வேறு எக்ஸ்பாக்ஸ் ஏற்காது.