பால்கர்ல இடம் வாங்கப் போறவங்க முதல்ல பார்க்க வேண்டிய வக்கீல்

நாங்க தாராவிக்காரங்க, பூர்வீகம் திருநெல்வேலி பக்கம். அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை, கண்ணை மூடறதுக்குள்ள சொந்தமா கொஞ்சம் மண்ணு வேணும், ஒரு முருங்கை வைக்கணும், கிணத்தடியில உட்காரணும்னு. மும்பைக்குள்ள அதுக்கு வழியே இல்ல. 2013ல மும்பைக்கு வடக்க டஹாணு ரோடு வரைக்கும் லோக்கல் ரயில் விட்டாங்க, 2014ல தானேவைப் பிரிச்சு பால்கரைத் தனி மாவட்டம் ஆக்கினாங்க, அதுக்கப்புறம் நம்ம ஆளுங்க நிறைய பேர் அந்தப் பக்கம் குந்தா கணக்குல இடம் பார்க்க ஆரம்பிச்சாங்க, ஒரு குந்தான்னா 1089 சதுர அடி. நாங்களும் 4 குந்தா பேசி 2 லட்சம் டோக்கன் கொடுத்துட்டோம்.

பேப்பரை மும்பையில ஒரு வக்கீல்கிட்ட காட்டினோம். ஆன்லைன்ல சாத்பாரா எடுத்தார், சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல 30 வருஷப் பத்திரப் பதிவைத் தேடி சர்ச் போட்டார், டைட்டில் கிளியர்னு லெட்டர் கொடுத்துட்டார். சாத்பாரான்னா நம்ம ஊர் பட்டாவும் அடங்கலும் ஒரே தாள்ல இருக்கற மாதிரி, கிராமக் கணக்குல 7ஆம் நம்பர் ஃபாரமும் 12ஆம் நம்பர் ஃபாரமும் சேர்ந்தது. அதுல விக்கறவர் பேர் சுத்தமா இருந்துச்சு. அப்பா ரிஜிஸ்ட்ரேஷனுக்கு நல்ல நாள் கூட பார்த்தாச்சு.

போய்சர்ல தாராப்பூர் எம்ஐடிசி தொழிற்பேட்டையில வேலை பார்க்கற என் அத்தை பையன்தான் தடுத்தான். மச்சான், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பால்கர்ல ஒரு வக்கீலம்மா இருக்காங்க, ஒரு தடவை காட்டிரு, இந்த ஊர் நிலம் இந்த ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும்னான். இந்த ரிவ்யூ அவங்களைப் பத்திதான். வக்கீலுங்க விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு பார் கவுன்சில் விதி இருக்கு, அதனால பேர் போடல.

தாசில் ஆபீஸ் பக்கத்துல ஒரு சின்ன ரூம், வெளிய ஸ்டாம்ப் வெண்டர், உள்ள ரெண்டு மர பெஞ்ச், சுவரை ஒட்டி துணியில கட்டின ஃபைல் மூட்டைங்க. நாங்க போனப்ப பெஞ்சுல ஒரு வார்லி ஆதிவாசி குடும்பம், பாட்டி பேத்தி எல்லாருமா உட்கார்ந்திருந்தாங்க. வக்கீலம்மா எங்ககிட்ட என்ன விலைன்னு கேக்கவே இல்ல. எந்த ஊர், சர்வே நம்பர் என்ன, பழைய ஃபெர்ஃபார் எங்கன்னுதான் கேட்டாங்க. ஃபெர்ஃபார்னா நிலம் ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்குப் போறப்ப தலாட்டி எழுதற பதிவு, தலாட்டி இங்க நம்ம ஊர் விஏஓ மாதிரி. நாங்க முழிச்சோம், எங்ககிட்ட ஏது. அவங்களே ரெக்கார்ட் ரூம்ல விண்ணப்பம் போட்டு காப்பி எடுக்கறேன்னாங்க, 12 நாள் ஆச்சு.

அடுத்த தடவை போனப்ப ஒரு மங்கின ஜெராக்ஸை மேஜையில விரிச்சு பென்சிலால ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாங்க. 1983ஆம் வருஷப் பதிவு. அன்னைக்கு வித்தவர் பேருக்குப் பின்னாடி வார்லின்னு இருந்துச்சு, வாங்கினவர் ஆதிவாசி இல்ல. பென்சிலை அப்படியே வலது பக்கம் நகர்த்தி வெறும் இடத்துல நிறுத்தி அப்பாகிட்ட, மராத்தியில சித்தப்பான்னு கூப்பிடற மாதிரி, “காகா, இங்க கலெக்டர் உத்தரவு நம்பர் இருக்கணும். இல்ல பாருங்க”ன்னாங்க. மும்பை வக்கீல் போட்ட சர்ச் 30 வருஷம்தான், இது அதுக்கும் முன்னாடி நடந்தது, அதனாலதான் கண்ணுல படவே இல்ல.

மகாராஷ்டிரா நில வருவாய் சட்டம் 1966, அதுல 36ஏ பிரிவு, 1974ல கொண்டு வந்தது. ஆதிவாசி நிலத்தை ஆதிவாசி அல்லாதவங்க கலெக்டர் அனுமதி இல்லாம எந்த வகையிலயும் எடுக்க முடியாது, விலைக்கு வாங்கறதா இருந்தா கலெக்டர் அனுமதி மட்டும் பத்தாது, அதுக்கு மாநில அரசோட முன் ஒப்புதலும் வேணும். மீறி வாங்கினா நிலத்தை எடுத்து அந்தக் குடும்பத்துக்கே திருப்பிக் கொடுக்க கலெக்டருக்கு அதிகாரம் இருக்கு, நடுவுல எத்தனை கை மாறியிருந்தாலும் கடைசியா வீடு கட்டினவன் தலையிலதான் விடியும்.

இந்த ஊர்ல குழப்பம் என்னன்னா, எதுக்கு யாருக்கு அதிகாரம்னே வெளி ஆளுக்குப் புரியாது. டஹாணு, தலாசரி, ஜவ்ஹார், மோகாடா எல்லாம் முழுசா சட்டப்படி அறிவிச்ச பழங்குடிப் பகுதி, பால்கர், வசாய் தாலுகாவுல சில ஊர் மட்டும் உள்ள வரும், பக்கத்து ஊர் வராது, ரோட்டுல போனா ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ள வர்ற ஊர்ல பழங்குடிப் பகுதி பஞ்சாயத்துகளுக்கான 1996 பெசா சட்டப்படி கிராம சபைக்கு ஒரு குரல் இருக்கு, நிலம் கைவிட்டுப் போறதைத் தடுக்கலாம், போனதை மீட்கலாம். ஆனா 36ஏ அந்த எல்லையைப் பார்க்காது, ஆதிவாசி பேர்ல இருக்கற நிலம்னா வசாய் விரார் சிட்டிக்குள்ள இருந்தாலும் அதேதான். சரி சிவில் கோர்ட்டுக்குப் போயிடலாம்னா, இந்தக் கேள்வியை சிவில் கோர்ட் தொடவே முடியாது, பிராந்த் ஆபீஸ் (நம்ம ஊர் ஆர்டிஓ ஆபீஸ் மாதிரி), கலெக்டர்னு வருவாய்த்துறை பக்கம்தான் போகணும். புரோக்கர் சொல்ற நோட்டரி அக்ரிமென்ட், பவர் ஆஃப் அட்டர்னி, 99 வருஷ லீஸ் எதுவும் இதுக்கு மருந்து இல்லன்னு வக்கீலம்மா ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுத்தாங்க. விவசாய நிலம்னா நாங்க விவசாயியே இல்ல, 1948 குத்தகைச் சட்டப்படி அது ஒரு தனித் தடை.

நான் அதுக்குள்ள கொஞ்சம் கோவமா, அப்ப எங்க காசு போச்சா, 40 வருஷத்துக்கு முன்னாடி எவனோ பண்ணினதுக்கு நாங்களா பலின்னு கேட்டேன். அப்பாதான் என் கையைப் பிடிச்சு, “இரு டா, இது நம்ம பஞ்சமி நிலம் மாதிரி”ன்னார். எனக்கு அந்த நிமிஷம்தான் உறைச்சுது. 1892ல வெள்ளைக்காரன் நம்ம தலித் ஜனங்களுக்கு ஒதுக்கின நிலம், 12 லட்சம் ஏக்கர்னு சொல்வாங்க, மத்தவங்க வாங்கக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டே கொடுத்தது, அது இன்னைக்கு யார் யார் கையில இருக்குன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அதை நினைச்சு நினைச்சு மருகுற வீடு எங்க வீடு. அதே வேலையை இன்னொருத்தன் நிலத்துல நாங்க தெரியாம பண்ணப் பார்த்திருக்கோம்.

வக்கீலம்மா அதுக்கு மேல ஒண்ணு சொன்னாங்க, எனக்கு இவங்க மேல நம்பிக்கை வந்ததே அதுலதான். “காகா, முன்னாடியே சொல்லிடறேன். டோக்கன் காசை வாங்கித் தர்றேன், அது வரைக்கும்தான் நான் உங்க வக்கீல். அந்தக் குடும்பம் நிலத்தைக் கேட்டு என்கிட்ட வந்தா நான் அவங்களுக்குத்தான் நிப்பேன்.” இப்படி மூஞ்சிக்கு நேரா சொல்ற வக்கீலை நான் பார்த்ததில்ல. அப்பா, “அதுதானேம்மா நியாயம்”னார்.

காசு விஷயம் சொல்லணும். பேப்பர் பார்த்து எழுத்துல கருத்து கொடுக்க 9,000, டோக்கனைத் திருப்பிக் கேட்டு அனுப்பின நோட்டீஸுக்கு 4,000, ரெண்டுக்கும் ரசீது கொடுத்தாங்க. 2 லட்சத்துல 1,60,000 திரும்பி வந்துச்சு, மீதிக்கு விக்க வந்தவன் இன்னும் இழுத்துட்டு இருக்கான்.

குறைன்னு பார்த்தா பகல்ல போனே எடுக்க மாட்டாங்க, சாயங்காலம் 7 மணிக்கு மேலதான். நோட்டீஸ் போகவே 3 வாரம் ஆச்சு, நாங்க தவிச்சுப் போயிட்டோம், தாமதமாகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுதிக் கொடுக்கறது எல்லாம் மராத்தியில, அதுவும் கையெழுத்துல, எங்களுக்குப் பேச வரும் ஆனா அந்த ஆபீஸ் மராத்தி படிக்க வராது, பக்கத்து வீட்டு டீச்சரம்மாகிட்ட கொண்டு போய்த்தான் புரிஞ்சுக்கிட்டோம். பெரிய ஆபீஸ், ஏசி, கேட்ட உடனே வாட்ஸ்அப்ல பதில்னு எதிர்பார்த்தா இவங்க சரி வர மாட்டாங்க.

ஆனா அந்த ஏரியாவுல இடம் வாங்கறதுன்னா இவங்களை மாதிரி, தலாட்டியையும் தெரிஞ்சு பாடாவுல, அதாவது ஆதிவாசி குடியிருப்புல இருக்கற ஜனங்களையும் தெரிஞ்ச உள்ளூர் வக்கீல் இல்லாம டோக்கன் கூட கொடுக்காதீங்க. போறப்ப சாத்பாரா மட்டும் பத்தாது, அந்த சர்வே நம்பரோட பழைய ஃபெர்ஃபார் அத்தனையும் வேணும்னு கேளுங்க, 30 வருஷத்தோட நிறுத்த விடாதீங்க. தாதர்ல டஹாணு லோக்கல் பிடிச்சா கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம், அதை விட்டா விரார்ல மாறணும், காலையில சீக்கிரம் போயிடுங்க, 11 மணிக்கு மேல அவங்க ஹியரிங்குக்குக் கிளம்பிடுவாங்க.

கடைசி தடவை போனப்ப அப்பா அந்த 1983 ஜெராக்ஸை எடுத்து வக்கீலம்மா மேஜையில வெச்சுட்டு, அவங்க வந்தா கொடுங்கம்மா, காப்பிக்கு அவங்க காசு கட்ட வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டார். முருங்கை இப்ப தாராவி மாடியில ட்ரம்முல நிக்குது.