பழைய எஸ்டீமுக்கு ஹெட்டர் போட்ட கதை, செலவுக் கணக்கோடு

காலையில் வண்டியை எடுத்தால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், சிங்காநல்லூர் சிக்னலைத் தாண்டுவதற்குள் அடங்கிவிடும். இன்ஜின் வால்வை அழுத்துகிற டாப்பெட்டின் சத்தம் என்று சொல்லி இரண்டு மெக்கானிக்குகள் ஆளுக்கு ஒரு முறை காசு வாங்கிவிட்டார்கள். மூன்றாவது ஆள்தான் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, நாலு சிலிண்டரின் புகையையும் சேர்த்து வெளியே கொண்டுபோகிற எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் கையைக் காட்டச் சொன்னார். புஸ் புஸ் என்று காற்று விரலில் அடித்தது. மேனிஃபோல்டில் விரிசல். சூடானதும் இரும்பு விரிந்து விரிசல் தானே மூடிக்கொள்கிறது, அதனால்தான் சத்தம் அடங்குகிறது.

வண்டி 2004 மாடல் மாருதி எஸ்டீம். 1298 சிசி, 16 வால்வு, புதிதில் 85 குதிரைத் திறன், இப்போது எத்தனை குதிரை உயிரோடு இருக்கிறதோ தெரியாது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை வெல்டிங் வைத்துப் பார்க்கலாமே என்று வீட்டில் சொன்னார்கள். வார்ப்படம் பற்றிக் கோயமுத்தூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, முன்கூட்டியே நன்றாகச் சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட்டால் ஒட்டும்தான், ஆனால் தினமும் சூடாகி ஆறுகிற இடத்தில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் விழும்.

அடுத்தது உக்கடம். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை எப்படியோ அப்படி. பழைய மேனிஃபோல்டு 2,500 சொன்னார்கள். இரண்டைப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றில் என்னுடையதில் இருக்கிற அதே இடத்தில் மயிரிழை விரிசல், இன்னொன்றில் யாரோ ஏற்கெனவே வெல்டிங் வைத்து மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டுகிற, தனித்தனிக் குழாய்களை வளைத்துச் செய்ததுதான் ஹெட்டர். ஆன்லைனில் எஸ்டீம் இன்ஜின் குடும்பத்தின் பெயரைப் போட்டு சுசுகி ஜி13 ஹெட்டர் என்று பளபளப்பாகப் படம் காட்டி விற்கிறார்கள், அதில் ஏமாந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது வெளிநாட்டு ஸ்விஃப்ட் ஜிடிஐக்கானது, அந்த இன்ஜினின் தலைப்பகுதியில் வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டு இரண்டு. நம்முடையது ஒற்றை கேம், இன்ஜினோடு இறுக்குகிற தகடான ஃபிளாஞ்சு உட்காராது.

அப்படித்தான் கணபதி ஏரியாவில், ஹெட்டரைப் புதிதாகச் செய்து தருகிற ஒரு சைலன்சர் கடைக்குப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை, ஏன் என்று கீழே தெரியும். இந்த ஊரில் சைலன்சர் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் கரி டிராக்கில் ஓடின ரேஸ் வண்டிக்கு நான்தான் பைப் வளைத்தேன் என்பார்கள். இவரும் சொன்னார். ஆனால் இவர் கடை மூலையில் எஸ்டீமின் பழைய சிலிண்டர் ஹெட் ஒன்று அச்சுக்காக வைத்திருந்தார், அதைப் பார்த்துத்தான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. சாதா இரும்புக் குழாய் என்றால் 9,000, 304 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல் என்றால் 14,500, நாலே நாள். 304க்கே 7,000 அட்வான்ஸ் கொடுத்தேன்.

304 என்பதில் ஒரு விஷயம். காந்தம் ஒட்டவில்லை பாருங்க என்று காட்டுவார்கள். 202 ரக ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டாது, விலையும் குறைவு, சீக்கிரம் துருவும் பிடிக்கும். ஸ்டீல் கடைகளில் சொட்டு மருந்து மாதிரி ஒரு டெஸ்ட் கிட் கிடைக்கிறது, ஒரு சொட்டு விட்டு பேட்டரியைத் தொட்டால் 202 சிவந்துவிடும். கையோடு வாங்கிப் போயிருந்தேன். குழாயில் விட்டபோது சிவக்கவில்லை. ஓனர் கோபித்துக்கொள்வாரோ என்று பார்த்தேன், அவர் சிரித்துவிட்டு, "தம்பி உசாருங்க" என்றார்.

குழாய் அளவில் அவர் சொன்னதைத்தான் கேட்டேன், கேட்டது நல்லதாகப் போயிற்று. நான் 42 மில்லிமீட்டர் கேட்டேன், பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைப்பு. "1300 இன்ஜினுக்கு 38 போதுமுங்க, பெருசாப் போட்டா காத்து வேகம் கொறஞ்சிரும், ஊருக்குள்ள இழுக்காது" என்றார். சரிதான். நாலு குழாயையும் ஒரே இடத்தில் சேர்க்காமல் முதலில் இரண்டிரண்டாகச் சேர்த்து அப்புறம் ஒன்றாக்குகிற 4-2-1 முறையில்தான் செய்தார். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்பதால் ஒன்றும் நாலும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. ஒரு சிலிண்டர் புகையைத் தள்ளும்போது அதன் ஜோடி தள்ளாது, ஒன்றின் வழியை ஒன்று அடைக்காது. நாலையும் நேராக ஒன்றாக்குகிற 4-1 உச்ச ஆர்பிஎம்மில் நன்றாக இருக்கும், அவிநாசி ரோட்டில் அந்த ஆர்பிஎம் எப்போது வரப்போகிறது?

நாலு நாள் என்றது பதினேழு நாள் ஆனது. நடுவில் வெல்டிங்குக்கான ஆர்கான் கேஸ் சிலிண்டர் வரவில்லை, வெல்டர் ஊருக்குப் போய்விட்டார், கோயில் நோம்பி, எல்லாக் காரணமும் கேட்டாயிற்று. பழைய மேனிஃபோல்டைக் கழற்றும்போது அதைப் பிடித்திருந்த ஸ்டட் போல்ட் ஒன்று உடைந்தது, அதில் அவர் தப்பு இல்லை. நானே இரண்டு நாள் முன்னாலிருந்து துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்திருந்தேன், அவர் நட்டை மட்டும் கேஸில் சூடுகாட்டி முன்னும் பின்னுமாகத்தான் திருப்பினார், இருபது வருஷத் துரு, போய்விட்டது. ட்ரில் போட்டு எடுக்க 700.

வெல்டிங் அழகு. உண்மையாகவே அழகு, அடுக்கி வைத்த காசு மாதிரி. குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்பக்கம் கருகிச் சர்க்கரை மாதிரிப் பொரிந்திருக்கவில்லை, அதாவது உள்ளேயும் ஆர்கான் விட்டுத்தான் அடித்திருக்கிறார். நிறையப் பேர் அந்த கேஸை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள், அப்புறம் ஒட்டுக்குப் பக்கத்தில் வெடிக்கும்.

வண்டியை ஓட்டி வந்த மூன்றாம் நாள், பழைய டிக் டிக் திரும்பி வந்தது. ஐடிலில் பெட்ரோல் வாடை. புகைச் சான்றிதழுக்குப் போனால் கார்பன் மோனாக்சைடு 0.9 சதவீதம் காட்டியது, என் வண்டிக்கு 0.5க்கு மேல் போகக்கூடாது, ஃபெயில். கடைக்குப் போனேன். "புது பைப்புங்க தம்பி, ரெண்டு வாரத்துல பழகிக்கும்" என்றார். குழாய் என்ன செருப்பா, பழகிக்கொள்வதற்கு?

வேறு ஒரு மெக்கானிக்கிடம் கழற்றி, ஃபிளாஞ்சின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, இடுக்கை அளக்கிற மெல்லிய இலைகளான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தோம். நாலாவது போர்ட் பக்கம் 0.4 மில்லிமீட்டர் இலை சுலபமாக நுழைந்தது. ஃபிளாஞ்சு வளைந்திருக்கிறது. முதலில் புள்ளி புள்ளியாக ஒட்டுகிற டாக் வைக்கும்போது மட்டும் அந்தப் பழைய ஹெட்டில் மாட்டியிருக்கிறார், முழு வெல்டிங்கைக் கழற்றி டேபிளில் வைத்து அடித்திருக்கிறார். 304 சூட்டில் சாதா இரும்பைவிட அதிகமாக விரியும், ஆறும்போது இழுத்துக்கொள்ளும். முழு வேலையும் முடிந்து ஆறுகிறவரைக்கும் ஹெட்டிலேயே இறுக்கி வைத்திருக்க வேண்டும். மூலையில் அத்தனை நல்ல அச்சை வைத்துக்கொண்டு இப்படிச் செய்ததுதான் எனக்கு ஆறவில்லை.

அந்தச் சின்ன இடுக்கு வழியாகப் புகை வெளியே போவது மட்டுமில்லை, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. புகையில் மிஞ்சுகிற ஆக்சிஜனை அளக்கிற சென்சாருக்கு அது என்ன தெரியும், காற்று அதிகம் என்று இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூவுக்குச் சொல்ல, அது பெட்ரோலைக் கூட்டிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. வாடைக்கும் ஃபெயிலுக்கும் அதுதான் காரணம். ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறையில் ஃபிளாஞ்சை மட்டமாக இழைக்க 800, புது கேஸ்கெட் 450. நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடினதும் ஆறவைத்து இன்னொரு முறை இறுக்கினோம். அடுத்த சோதனையில் 0.2.

புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை அறுத்து எறிந்துவிடலாம், இன்னும் நன்றாக இழுக்கும் என்று அதே கடையில் இரண்டு முறை ஆசை காட்டினார்கள். வேண்டாம். புகைச் சான்றிதழ் கிடைக்காது, பிடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இல் அபராதம் 10,000 வரை போகும், அதைவிட முக்கியம், பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் மூச்சு. ஹெட்டரையே ஒரு கெடுபிடி ஆபீசர் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய 52ஆம் பிரிவைக் காட்டிக் கேள்வி கேட்கலாம், அதனால் விரிசல் விட்ட மேனிஃபோல்டை டிக்கியில் போட்டே வைத்திருக்கிறேன், காட்டி அழுவதற்கு.

ஓட்டம் எப்படி என்றால், மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர் ஏறிப் பார்த்தேன். முன்பு இரண்டாவது கியருக்கு இறங்கின வளைவுகளுக்குப் பிறகு சில இடங்களில் மூன்றிலேயே முனகாமல் ஏறுகிறது. 2,500இலிருந்து 4,000 வரை ஒரு சுறுசுறுப்பு இருக்கிறது, ஆனால் அதில் பாதி ஓட்டை அடைபட்டதால் வந்தது என்றுதான் நினைக்கிறேன். மைலேஜ் பழையபடிதான். சைலன்சர் ஒரிஜினலே இருப்பதால் சத்தம் கூடவில்லை, ஆக்சிலரேட்டரை விடும்போது மட்டும் மெல்லிய குழாய்க்கே உரிய ஒரு கணீர். குழாய் சேருகிற இடம் ஒரு விரல் அளவு தாழ்ந்துவிட்டது, எங்கள் தெரு ஸ்பீடு பிரேக்கரில் குடும்பத்தோடு ஏறினால் தட்டுகிறது, அதை இன்னும் சரிசெய்யவில்லை.

மொத்தம் 16,450. மேனிஃபோல்டு நன்றாக இருக்கிறவர்கள் இழுவைக்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள், அந்தக் காசை நல்ல டயருக்குப் போடலாம். என்னைப் போல விரிசல் விட்டவர்கள் போகலாம், அந்த வெல்டர் கை அப்படி, ஆனால் ஸ்கேலும் ஃபீலர் கேஜும் எடுத்துக்கொண்டு போய், கடையிலேயே மாட்டுவதற்கு முன்னால் ஃபிளாஞ்சைப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். நான் முதலிலேயே கொடுத்துவிட்டேன், அதனால் ஹெட்டருக்கு மேலே வர வேண்டிய, வெப்பத்தைத் தடுக்கிற தகடு இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வாங்க தம்பி என்று சொல்லியிருக்கிறார். எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்க விட்டுப்போயிற்று.