நட்சத்திர எழுத்தா, பாட்டி பெயரா, புதுத் தமிழ்ப் பெயரா? பெண் குழந்தைக்குப் பெயர் தேடும் வீட்டுக்கு ஓர் அலசல்

தம்பிக்குப் பெண் பிறந்திருக்கிறாள். பிரசவம் தென்காசியில், தம்பி மனைவியின் அம்மா வீட்டில். சுவாதி நட்சத்திரம், மூன்றாம் பாதம். தொட்டிலில் போடும் நாள் நெருங்கிவிட்டது. பெயர் மட்டும் முடிவாகவில்லை. வீட்டில் நான்கு கட்சி. ஜோசியர் சொன்ன எழுத்தில்தான் வைக்க வேண்டும் என்கிறார் தம்பியின் மாமனார். எங்கள் அம்மாவின் பெயரான கோமதியை வைக்க வேண்டும் என்பது என் ஆசை. வயிற்றில் இருக்கும்போதே 'ஆதிரை' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள் தம்பி மனைவி. எதுவானாலும் எண்கணிதப்படி கூட்டிப் பார்க்காமல் பதியக்கூடாது என்கிறான் பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி.

பெரும்பாலான வீடுகளில் இதே நான்கு கட்சிதான், ஆள் மட்டும் மாறும். அதனால் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பார்த்த பிறகு எனக்குப் பட்டது இதுதான்: எழுத்தையும் எண்ணையும் முதலில் வைத்துத் தேடும் வீடு நல்ல பெயரைத் தவறவிடுகிறது. முதலில் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எழுத்துக்கும் எண்ணுக்கும் அப்புறம் இடம் கொடுக்கலாம். அதற்கு வழி இருக்கிறது.

நட்சத்திர எழுத்திலிருந்து தொடங்குகிறேன். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 எழுத்து. இந்த முறையின் பெரிய நன்மை, தேடலைச் சுருக்கிவிடும். ஆயிரம் பெயரைப் பார்த்துக் குழம்பி நிற்பவர்களுக்கு ஓர் எழுத்து கையில் கிடைப்பது பெரிய நிம்மதி. பெரியவர்களுக்கு மனநிறைவும் உண்டு. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஆனால் அந்த 108 எழுத்தும் வடமொழி ஒலிகளை வைத்துப் போட்ட பட்டியல். சுவாதிக்கு ரு, ரே, ரோ, த. திருவாதிரைக்கு கு, க, ங, ச. அஸ்தத்தின் நான்கில் ஷ-வும் ட-வும் வருகின்றன. ங-வில் தொடங்கும் பெயருக்கு யார் எங்கே போவார்கள்? தமிழ் இலக்கணப்படி ர, ல, ட போன்றவை சொல்லுக்கு முதலில் வராது. எங்கள் பாப்பாவுக்கு வந்த எழுத்து ரோ. ரோகிணி, ரோஷிணி, ரோஜா என்று பட்டியல் போகிறது. அதில் ஒரு தமிழ்ப் பெயர்கூட இல்லை. இருக்கவும் முடியாது. அந்த எழுத்தை ஒப்புக்கொண்ட நிமிடமே தமிழ்ப் பெயர் வேண்டாம் என்று முடிவெடுத்தாகிவிட்டது. இது தெரிந்து எடுத்த முடிவென்றால் சரி. தெரியாமல் நடந்துவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம். பாதத்தை விட்டு நான்கு எழுத்தில் எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் ஜோசியர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் சுவாதிக்கு 'த' இருக்கிறது. தாமரை, தமிழினி, தங்கம் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

'சுவாதியில் பிறந்தவளுக்குத் திருவாதிரையின் பெயரையா வைப்பது?' என்று தம்பியின் மாமனார் கேட்டார். ஆதிரை என்பது அந்த நட்சத்திரத்தின் பெயர்தான். நியாயமான கேள்வி. ஆனால் சுவாதியின் எழுத்துகளுக்கு முதலில் நினைவுக்கு வரும் ரேவதியும் ரோகிணியும்கூட வேறு நட்சத்திரங்களின் பெயர்கள்தானே! அவற்றைத் தயங்காமல் வைத்துக்கொண்டே வந்திருக்கிறோம்.

பல வீடுகளில் பழக்கத்தில் இருக்கும் வழி ஒன்று உண்டு. நட்சத்திர எழுத்தில் ஒரு பெயரைக் குழந்தையின் காதில் மூன்று முறை சொல்வார்கள்; பதிவது வேறு பெயராக இருக்கும். அர்ச்சனைக்கும் சங்கல்பத்துக்கும் அந்தக் காதுப் பெயர் போதும்.

அடுத்தது எண்கணிதம். நம் ஊரில் அதிகம் புழங்கும் முறையில் ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மதிப்பு. ஏ-க்கு 1, பி-க்கு 2, சி-க்கு 3, டி-க்கு 4, எச்-சுக்கு 5 என்று போகும். 9 எந்த எழுத்துக்கும் கிடையாது. ஆதிரையை ஆங்கிலத்தில் ஒரு ஏ போட்டு, டி, எச், ஐ, ஆர், ஏ, ஐ என்று எழுதினால் கூட்டுத்தொகை 15. முதலில் இரண்டு ஏ போட்டால் 16. 15 அமோகம், 16 ஆகவே ஆகாது என்பார்கள். குழந்தையைக் கூப்பிடும் பெயர் இரண்டிலும் ஒன்றுதான். ஒலி மாறவில்லை, மாறியது ஆங்கில எழுத்துக்கூட்டு மட்டும். கோமதிக்குக் கடைசியில் ஐ போட்டாலும் ஒய் போட்டாலும் 25-தான் வரும், இரண்டுக்கும் மதிப்பு 1. அதே கோமதியில் எச்சை எடுத்துவிட்டால் 20.

எண்ணுக்காக ஒரு ஏ-யைக் குறைத்தால் என்ன ஆகும் என்று தம்பியிடம் கேட்டேன். பெங்களூர்ப் பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் படிக்கும் ஆசிரியர் 'அதிரை' என்று கூப்பிடுவார். அது அதிராம்பட்டினத்தைச் சுருக்கிச் சொல்லும் பெயர். எண்கணிதத்தை நம்புகிறவர்களிடம் நம்பாதே என்று சொல்ல நான் வரவில்லை. ஒலியைச் சிதைக்கும் கூட்டலை மட்டும் ஏற்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

வலையில் கிடைக்கும் புதுப் பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. க்ஷ, ஷ், த்ர என்று அழகாக ஒலிக்கும், ஆனால் அகராதியில் இருக்காது. 'லட்சுமி' என்றோ 'தெய்வீகம்' என்றோ யாரோ எழுதிய பொருள் பக்கத்தில் இருக்கும். வடமொழிப் பெயர் என்பதற்காக நான் ஒதுக்கவில்லை. வைதேகியும் பத்மாவும் சரஸ்வதியும் தலைமுறை தலைமுறையாக நம் வீட்டுப் பிள்ளைகள். கதையோ பொருளோ இல்லாத ஒலியைத்தான் வேண்டாம் என்கிறேன். ஏழு வயதில் 'எனக்கு ஏன் இந்தப் பேரு?' என்று பிள்ளை கேட்கும்போது சொல்ல ஏதாவது இருக்க வேண்டும்.

உண்மையான போட்டி பாட்டி பெயருக்கும் புதுத் தமிழ்ப் பெயருக்கும்தான்.

பாட்டி பெயரில் ஊர் இருக்கிறது. கோமதி என்றால் சங்கரன்கோவில். சிவனையும் திருமாலையும் ஒரே உருவில் காண அம்பாள் தவம் இருந்த ஆடித்தபசு. காந்திமதி என்றால் நெல்லை, அபிராமி என்றால் திருக்கடையூர், தையல்நாயகி என்றால் வைத்தீசுவரன் கோயில், உண்ணாமுலை என்றால் திருவண்ணாமலை, அகிலாண்டேஸ்வரி என்றால் திருவானைக்கா. பெயரைச் சொன்னாலே எந்தப் பக்கத்துக் குடும்பம் என்று கண்டுபிடித்துவிடலாம். நகரத்தில் வளரப்போகிற பிள்ளைக்கு ஊரைக் கொடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஊர் மட்டும் தெரிந்தால் பரவாயில்லை, சாதியும் தெரிந்துவிடும் என்பதுதான் பலரும் வெளியே சொல்லாத தயக்கம். பேச்சியம்மாள், இசக்கியம்மாள், ராக்காயி, கருப்பாயி போன்ற பெயர்களோடு பள்ளிக்குப் போன பெண்கள் அந்தப் பெயருக்காகவே கேலியைத் தாங்கியிருக்கிறார்கள். பேத்திக்கு அது வேண்டாம் என்று நினைப்பதில் தப்பே இல்லை. எல்லாப் பழைய பெயரையும் மீட்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்த வீடுகளில் அடுத்ததாவது ஆணாக வரட்டும் என்று 'போதும்பொண்ணு' என வைத்தார்கள். திருத்தணி பக்கம் நாராயணபுரத்தில் 'வேண்டாம்' என்றே வைத்தார்கள். அந்தப் பெயர்கள் அந்தத் தலைமுறையோடு முடியட்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், மாமியார் பெயரை மருமகள் சொல்லிக் கூப்பிடும் சங்கடம். எங்கள் பக்கம் அப்படி வைத்த பிள்ளையை 'ஆச்சி' என்றே கூப்பிட்டு வளர்த்துவிடுவார்கள். பள்ளியில் சேரும்வரை தன் பெயர் கோமதி என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. எங்கள் அம்மாவிடம் கேட்டபோது, "ஏட்டி, எம் பேரெல்லாம் பழசு. பிள்ளைக்கு நல்லதா வைங்க" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் வேண்டாம் என்று சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

புதுத் தமிழ்ப் பெயருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1916-இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியபோது வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். அப்புறம் திராவிட இயக்கக் காலத்தில் தேன்மொழி, கயல்விழி, பூங்கொடி, தமிழ்ச்செல்வி என்று ஒரு தலைமுறையே பெயர் பெற்றது. பெயரைக் கேட்டு சாதியைக் கண்டுபிடிக்க முடியாது என்பது அந்தப் பெயர்கள் பெண்களுக்குத் தந்த பெரிய விடுதலை. இன்று யாழினி, மகிழினி, நறுமுகை, வெண்பா, ஓவியா, நிலா என்று அடுத்த அலை வந்திருக்கிறது. அழகான பெயர்கள்தான். 'இனி' என்று முடிபவை நிறைய வந்துவிட்டதால் ஒரே வகுப்பில் ஒலி ஒத்த பிள்ளைகள் நாலைந்து பேர் இருப்பார்கள். ழ வரும் பெயரை ஆங்கிலத்தில் இசட், எச் போட்டு எழுதுவோம். வெளி மாநிலத்தில் அதை 'ஸ' என்றே படிப்பார்கள். தமிழ்நாட்டிலேயே வளரப்போகிற பிள்ளையென்றால் இதை நான் பொருட்படுத்தவே மாட்டேன். பெங்களூரில் வளரப்போகிறவளுக்கு மட்டும் கொஞ்சம் யோசிப்பேன்.

ஆதிரையில் ழ இல்லை, ஷ இல்லை, யார் வாயிலும் நுழையும். மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. பசித்தவருக்குச் சோறு போட்ட பெண்ணின் பெயர் என்று சொல்லிக்கொடுக்கலாம். கதை என்று பார்த்தால் கோமதிக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

இங்கேதான் பாஸ்போர்ட் வருகிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெயருக்கு இரண்டு கட்டம்: முன்பெயர், குடும்பப் பெயர். நமக்கு இனிஷியல்தான் உண்டு. குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது. ஒற்றைப் பெயரோடு போனால் அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்துக்குத் தள்ளிவிட்டு, முன்பெயர் தெரியாது என்பதற்கு 'எஃப்என்யு' என்று அச்சிடுவார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்றது. உள்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று பிறகு தளர்த்தியது. இதற்குப் பயந்து எல்லாரும் அப்பா பெயரை இரண்டாவது கட்டத்தில் போட்டுவிடுகிறோம். அந்த இடத்தில் பாட்டி பெயர் ஏன் இருக்கக்கூடாது?

அதனால் என் தேர்வு 'ஆதிரை கோமதி'. முன்னால் இருப்பது அவளுக்கே அவளுக்கான பெயர், அம்மா தயங்காமல் கூப்பிடலாம். பின்னால் ஊரும் பாட்டியும். பள்ளியில் அப்பாவின் இனிஷியல் சேர்க்கச் சொன்னால் சேர்த்துக்கொள்ளலாம். காதில் சொல்ல ரோகிணி. தம்பிக்கும் ஒரு செய்தி இருக்கிறது: ஆகாது என்ற அந்த 16-ஐ வைத்துக்கொண்டே, அதாவது இரண்டு ஏ போட்ட ஆதிரையோடு கோமதியைச் சேர்த்துக் கூட்டினால் 41, ஒற்றை இலக்கமாக்கினால் 5, அவர்கள் முறைப்படியே நல்ல எண். இரண்டு பெயரும் பிடிக்காத வீட்டுக்கு இந்த வழி உதவாது. ஒன்றுதான் பிடித்திருக்கிறது என்றால் அதை மட்டும் வையுங்கள். யாரையோ திருப்திப்படுத்த இரண்டாவதை ஒட்ட வேண்டாம்.

மருத்துவமனையில் பெயர் கேட்கிறார்கள் என்று பதறி எதையாவது எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமலே பதியலாம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன் 14-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. ஆனால் ஒருமுறை சேர்த்த பெயரை மாற்றுவது லேசில் நடக்காது. அரசிதழ் வரைக்கும் போக வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. அதனால் பதிவாளரிடம் போகும் முன் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் எழுதி, இரண்டு பெயருக்கும் நடுவே இடைவெளி உண்டா, தமிழ் தெரியாத ஒருவர் அந்த ஆங்கில எழுத்தை எப்படிப் படிக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆதாரிலும் அதே எழுத்துகள் இருக்க வேண்டும். அங்கே பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும்.