டெங்கு காம்போ கார்டு: மூன்று மழைக்காலங்கள் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

தென்மாவட்டச் சிறு நகரம் ஒன்றின் ஆய்வகத்தில், டெங்கு காய்ச்சலைச் சில நிமிடங்களில் கண்டறிய உதவும் டெங்கு காம்போ கார்டைத் தொடர்ந்து மூன்று வடகிழக்குப் பருவமழைக் காலங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முன் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் சில ஆண்டுகள் எலைசா என்ற, நிறமாற்றத்தை எந்திரத்தால் அளக்கும் ஆய்வகப் பரிசோதனை செய்துவந்தேன். இரு முறைகளையும் என் கையால் செய்து பழகியிருப்பதால், இந்தக் கார்டை எதுவரை நம்பலாம் என்று சொல்வது கடமையாகவே படுகிறது. பல நிறுவனங்கள் இதை விற்கின்றன. அமைப்பும் செயல்முறையும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், எந்தப் பெயரையும் குறிப்பிடாமல் இவ்வகைக் கார்டையே மதிப்பிடுகிறேன்.

உறையைப் பிரித்தால் இரண்டு சாளரங்கள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் கார்டும், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலமும் இருக்கும். ஒரு சாளரம் என்எஸ்1 என்ற ஆன்டிஜெனைத் தேடுகிறது. மற்றொன்று ஐஜிஎம், ஐஜிஜி என்ற இருவகை ஆன்டிபாடிகளைத் தேடுகிறது. என்எஸ்1 என்பது டெங்கு வைரஸ் தொற்றிய செல்கள் இரத்தத்தில் வெளியிடும் புரதம், அதாவது வைரஸின் தடயம். ஆன்டிபாடியோ அந்த வைரஸுக்கு எதிராக நம் உடல் உருவாக்குவது. சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, கார்டின் குழியில் விட்டதும், அது நைட்ரோசெல்லுலோஸ் பட்டையில் ஊர்ந்து செல்லும் வழியில் பொன் நுண்துகள் ஏற்றிய ஆன்டிபாடி அல்லது ஆன்டிஜெனோடு கலக்கிறது. தேடும் பொருள் சீரத்தில் இருந்தால் அந்தத் துகள்கள் குறிப்பிட்ட இடத்தில் பிடிபட்டுச் செந்நிறக் கோடாகத் தெரிகின்றன. எந்திரம் தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை, 15 முதல் 20 நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். மாலை ஆறு மணிக்குக் காய்ச்சலோடு தூக்கிவரப்படும் குழந்தைக்கு ஏழு மணிக்குள் மருத்துவரின் கையில் ஒரு முடிவைக் கொடுக்க முடிகிறது என்பதே இந்தக் கார்டின் மிகப் பெரிய பலம். அதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

ஆனால் கார்டில் தெரியும் கோட்டுக்கு, காய்ச்சல் எத்தனையாவது நாள் என்பதை அறியாமல் பொருள் சொல்ல முடியாது. என்எஸ்1 காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே இரத்தத்தில் காணப்படும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறையத் தொடங்கி, பலரிடம் ஒரு வாரத்தையொட்டி மறைந்துவிடும். ஐஜிஎம் பெரும்பாலும் நான்காம் அல்லது ஐந்தாம் நாளுக்குப் பின்னரே தலைகாட்டும். பிறகு இரண்டு மூன்று மாதங்கள் வரை நீடிக்கும். ஆகவே இரண்டாம் நாளில் ஐஜிஎம் கோடு இல்லை என்பது எதையும் விலக்குவதில்லை. எட்டாம் நாளில் என்எஸ்1 கோடு இல்லை என்பதும் அப்படியே. ஐஜிஎம் கோடு மட்டும் தெரிந்தால், இப்போதைய காய்ச்சலால் வந்ததா, ஒன்றரை மாதத்துக்கு முன் வந்துபோன காய்ச்சலின் மிச்சமா என்பதைக் கார்டு சொல்லாது. நோயாளியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு சாளரங்களையும் ஒரே கார்டில் வைத்திருப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது: என்எஸ்1 தேயும் நாட்களில் ஐஜிஎம் எழுகிறது, எனவே ஒன்று விட்டதை மற்றது பிடிக்க வாய்ப்பு உண்டு. செலவைக் குறைக்க என்எஸ்1 மட்டும் உள்ள கார்டை வாங்கும் ஆய்வகங்கள் இந்த வாய்ப்பை இழக்கின்றன.

இரண்டாம் முறை டெங்கு வந்தவர்களிடம் நிலைமை இன்னும் சிக்கலானது. கடந்த ஆண்டு, காய்ச்சலின் மூன்றாம் நாளில் வந்த ஒருவருக்கு என்எஸ்1 கோடும் தெரியவில்லை, ஐஜிஎம் கோடும் தெரியவில்லை. ஆனால் ஐஜிஜி கோடு மட்டும் அழுத்தமாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் டெங்கு வந்து மருத்துவமனையில் இருந்ததாக அவர் மனைவி சொன்னார். முந்தைய தொற்றால் உருவான ஐஜிஜி ஆன்டிபாடிகள் புதிதாக வரும் என்எஸ்1 புரதத்தைப் பற்றிக்கொள்வதால் கார்டின் பட்டையில் அது பிடிபடாமல் போகக்கூடும்; இரண்டாம் தொற்றில் ஐஜிஜி வெகுவேகமாக உயர்வதும் வழக்கம். ‘டெங்கு நெகட்டிவ்’ என்று தட்டச்சு செய்து அனுப்பியிருந்தால் அவர் வீட்டுக்குப் போயிருப்பார். மருத்துவரை அழைத்து விவரம் சொன்னோம். அவர் அந்த நோயாளியைக் கண்காணிப்பில் வைத்தார். ஏழாம் நாளில் எடுத்த இரண்டாம் மாதிரி அரசு மருத்துவமனையின் எலைசாவில் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தது. இரண்டாம் தொற்றில் நோய் தீவிரமாகும் வாய்ப்பு கூடுதல் என்பதால், கார்டு அதிகம் தவறவிடுவது யாரைத் தவறவிடக் கூடாதோ அவர்களைத்தான் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

கோட்டைப் படிப்பதிலும் ஒழுங்கு வேண்டும். பெட்டியோடு வரும் தாளில் 20 நிமிடங்களுக்குப் பின் படிக்கக் கூடாது என்று அச்சிட்டிருந்தால், அதற்குக் காரணம் இருக்கிறது: பட்டை உலர உலர, இல்லாத இடத்திலும் மங்கலான கோடு எழும். கூட்டம் மிகுந்த ஓர் ஆய்வகத்தில் காலையில் வைத்த கார்டுகளை மதியம் வரிசையாகப் பார்த்து முடிவு எழுதுவதை நானே கண்டிருக்கிறேன். அப்படி வந்த பாசிட்டிவ்களை நம்பி எத்தனை குடும்பங்கள் அஞ்சியிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு கார்டின் மேலும் மாதிரி விட்ட நேரத்தை எழுதிவைத்து, மணி அடிக்கும்படி டைமர் வைக்கிறோம். உரிய நேரத்துக்குள் தெரியும் கோடு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். அதைப் பாசிட்டிவ் என்றே கொள்ள வேண்டும். இன்னொன்று, முடிவு எதுவானாலும் கார்டில் எப்போதும் வர வேண்டிய கன்ட்ரோல் கோடு வந்துவிட்டால் பரிசோதனை சரி என்று பலரும் எண்ணுகிறார்கள். திரவம் பட்டையின் கடைசிவரை ஓடியது, துகள்கள் வேலை செய்தன என்பதற்கு மேல் அந்தக் கோடு எதையும் உறுதிப்படுத்துவதில்லை. சீரத்தின் அளவு குறைந்திருந்தாலும் அது வந்துவிடும். எனவே ஐஜிஎம் பகுதிக்கு 10 மைக்ரோலிட்டர் என்று தாளில் இருந்தால், டிராப்பரை விட்டுவிட்டுப் பைபெட்டால் அளந்து விடுவதே நல்லது. சிவப்பணுக்கள் உடைந்து செம்மை ஏறிய சீரம் பட்டை முழுவதையும் சிவக்கச் செய்து கோட்டை மறைக்கும். அத்தகைய மாதிரியை ஏற்காமல் மறுபடி இரத்தம் எடுக்க நோயாளியிடம் பணிவாகக் கேட்டுக்கொள்கிறோம்.

பெரும்பாலான பெட்டிகளில் 30 டிகிரி செல்சியஸ் வரை வைக்கலாம் என்று எழுதியிருக்கும். நம் ஊர் ஏப்ரல், மே மாதங்களில் மின்விசிறி ஓடும் அறையே அதைத் தாண்டிவிடுகிறது. கூரியர் வண்டியின் பின்பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாங்கள் பெட்டி வந்த அன்றே குளிர்பெட்டியில் வைத்து, பயன்படுத்துவதற்கு முன் உறையைப் பிரிக்காமலேயே அறை வெப்பநிலைக்குக் கொண்டுவருகிறோம். குளிர்ந்த நிலையில் பிரித்தால் மழைக்கால ஈரம் பட்டையில் படிந்து திரவத்தின் ஓட்டத்தைக் கெடுக்கும்.

எலைசாவோடு ஒப்பிடாமல் இந்த மதிப்பீடு நிறைவுபெறாது. 1971-இல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் வெளியிட்ட அந்த முறையில், ஆன்டிபாடியோடு இணைத்த நொதி நிறத்தை உண்டாக்க, அந்த நிறத்தின் அடர்த்தியை எந்திரம் எண்ணாக அளக்கிறது. டெங்கு ஐஜிஎம்முக்கான மாக் எலைசாவில் 96 குழிகள் கொண்ட தட்டில் நோயாளியின் ஐஜிஎம் முதலில் பிடிக்கப்படுகிறது. பிறகு டெங்கு ஆன்டிஜென், அதன்மேல் நொதியேற்றும் படிகள், இடையிடையே கழுவல், இறுதியில் 450 நானோமீட்டரில் அளவீடு. ஒரு கழுவலில் கவனம் சிதறினால் தட்டு முழுவதும் வீணாகும். வேலை முடிய அரை நாளுக்கு மேல் ஆகும். ஆயினும் கண் மங்கலாய்க் காணும் இடத்தில் எண் தெளிவாய்ப் பேசுகிறது. முதல் ஐந்து நாட்களில் என்எஸ்1 எலைசா, அதன்பின் மாக் எலைசா என்பதே தேசிய வழிகாட்டுதல்; கார்டு முடிவை மட்டும் வைத்து டெங்கு உறுதி என்று அது ஏற்பதில்லை. புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் தயாரிக்கும் மாக் எலைசா கிட்டுகள் அரசின் கண்காணிப்பு மருத்துவமனைகளுக்கு வழங்கப்படுகின்றன; நான் பயன்படுத்திய காலத்தில் அவை ஒருமுறையும் என்னைக் கைவிட்டதில்லை. நாளொன்றுக்கு இரண்டு மூன்று மாதிரிகளே வரும் எங்களைப் போன்ற இடத்தில் எலைசா ரீடர் வாங்குவது கட்டுப்படியாகாது. ஆகவே கார்டைச் செய்துவிட்டு, சந்தேகம் உள்ள மாதிரியைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம்.

எலைசாவுக்கும் எல்லை உண்டு. டெங்குவின் உறவு வைரஸான ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடிகள் ஐஜிஎம் பரிசோதனையில், கார்டாயினும் எலைசாவாயினும், குறுக்கே வந்து போலிப் பாசிட்டிவ் தரக்கூடும். நான்கு டெங்கு வகைகளில் எது என்று இரண்டுமே சொல்லா. நோய் எவ்வளவு தீவிரம் என்பதும் கோட்டின் அழுத்தத்தில் இல்லை. காய்ச்சல் இறங்கும் நாளில் விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் இரத்தம் ஆகியவை தெரிந்தால் கார்டைப் பார்த்துக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, 2024-இல் கர்நாடக அரசு கார்டு பரிசோதனைக்கு 250 ரூபாயும், என்எஸ்1, ஐஜிஎம் எலைசாக்களுக்குத் தலா 300 ரூபாயும் உச்சவரம்பாக நிர்ணயித்தது. வேறுபாடு அவ்வளவே எனில், எலைசா கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் ஒரு நாள் காத்திருந்து அதையே செய்துகொள்ளலாம். கிடைக்காத ஊரில் கார்டு நிச்சயம் தன் விலைக்குத் தகுதியானது. எங்கள் அறிக்கையில் இப்போது காய்ச்சலின் நாள், பரிசோதனை முறை, மூன்று கோடுகளின் முடிவு ஆகியவற்றைத் தனித்தனியே அச்சிடுகிறோம். ‘டெங்கு நெகட்டிவ்’ என்ற ஒற்றை வரி இல்லை. வரும் மழைக்காலத்துக்கு 25 கார்டுகள் கொண்ட பெரிய பெட்டியை விட்டுவிட்டு 10 கார்டுகள் கொண்ட பெட்டியாகவே வாங்கவிருக்கிறேன். சென்ற ஆண்டு ஜனவரியில் எஞ்சிய கார்டுகள் கோடையைக் கடந்து காலாவதியை நெருங்கியதால் அவற்றைப் பயன்படுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை.