ஐடில் கரண்ட் எகிறினால்: எமிட்டர் ரெசிஸ்டரா, டயோடா, பிடி139-ஆ?

பாட்டே ஓடவில்லை, ஆனால் ஹீட் சிங்கில் கை வைக்க முடியவில்லை. பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் கரண்ட், அதாவது ஐடில் கரண்ட், எகிறிவிட்டது. வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களுக்குப் பழகிய தொல்லைதான் இது. கேட்டால் மூன்று வைத்தியம் சொல்வார்கள்: அவுட்புட் டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் இருக்கும் ரெசிஸ்டரைக் கூட்டு, பயாஸ் (அவுட்புட்டை லேசாக ஆனில் வைக்கும் வோல்டேஜ்) தரும் டயோடை மாற்று, டயோடைக் கழற்றிவிட்டு பிடி139 என்ற சின்ன டிரான்சிஸ்டரைப் போடு. மூன்றும் ஒரே தரம் இல்லை.

முதலில் அளவு. 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டர் வைத்து 22 மில்லிவோல்ட் வந்தால் 100 மில்லியாம்ப், கவலை வேண்டாம். 110 மில்லிவோல்ட் என்றால் அரை ஆம்பியர். பிளஸ் மைனஸ் 35 வோல்ட் சப்ளையில் சும்மா இருக்கும்போதே 35 வாட் சூடு. பாதுகாப்புக்காக மெயின்ஸில் வரிசையாகப் போடும் சீரிஸ் பல்போடு இந்த அளவை எடுக்காதீர்கள், பல்பு சப்ளை வோல்டேஜைக் கீழே இழுத்துவிடும். ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பல்பு.

எமிட்டர் ரெசிஸ்டரை 0.47 ஆக்குவது சுலபம், கரண்டும் இறங்கும். ஆனால் பயாஸ் வோல்டேஜ் பழையபடியே இருக்கிறது. 4 ஓம் ஸ்பீக்கர் போட்டால் பவரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த ரெசிஸ்டரே தின்றுவிடும். தற்காலிக ஒட்டு, அவ்வளவுதான்.

டயோடு வழி, அவுட்புட் டிரான்சிஸ்டராக 2என்3055-ம் எம்ஜே2955-ம் மட்டும் உள்ள எளிய சர்க்யூட்டுக்குப் போதும்: இரண்டு பேஸ்-எமிட்டர் ஜங்ஷன், இரண்டு டயோடு. இங்கே சிக்கல் பெரும்பாலும் டயோடை வைக்கும் இடத்தில். டிரான்சிஸ்டர் ஒரு டிகிரி சூடேறினால் அதன் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறையும். டயோடு போர்டில் குளிர்ச்சியாக உட்கார்ந்திருந்தால் அதற்கு இது தெரியாது. சூட்டால் கரண்ட் ஏறும், கரண்டால் சூடு ஏறும். டயோடு ஹீட் சிங்கைத் தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும். அப்புறம், 1என்4007 இருந்த இடத்தில் கையில் கிடைத்த 1என்4148-ஐப் போட்டால், சில மில்லியாம்பில் அது கூடுதல் வோல்டேஜ் எடுக்கும், பயாஸும் கூடும். சரி, ஒரு டயோடை எடுத்துவிடலாமா? எடுத்தால் சூடு போகும். சின்ன சத்தத்தில் குரல் கரகரக்கும். ஒரு டயோடு சால்டர் விட்டுப் போனாலோ, இரண்டு அவுட்புட்டும் முழுசாக ஆன் ஆகிவிடும்.

டிப்142, டிப்147 மாதிரி டார்லிங்டன் (ஒரே உறைக்குள் இரண்டு டிரான்சிஸ்டர்) போட்டிருந்தால் என் ஓட்டு பிடி139-க்கே. நான்கு ஜங்ஷன், சுமார் 2.4 வோல்ட் வேண்டும். நான்கு டயோடை வைத்து அதைத் துல்லியமாகப் பிடிப்பது குதிரைக்கொம்பு. பிடி139-ஐ ஹீட் சிங்கில் முடுக்கினால் சூட்டையும் பின்தொடரும், பிரீசெட்டில் (திருகி ஓமை மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) அளவும் வைக்கலாம். அதன் முதுகு உலோகம் கலெக்டர் என்பதால் நடுவில் மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு கட்டாயம். பிரீசெட் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில்தான் வரவேண்டும். அங்கே அதன் தொடர்பு விட்டுப்போனால் பயாஸ் குறையும், பிழைத்தீர்கள். கலெக்டர் பக்கம் வைத்து விட்டுப்போனால் அவுட்புட் ஜோடி காலி. முதல்முறை ஆன் செய்யும்போது பிரீசெட் அதிகபட்ச ஓமில் இருக்கட்டும்.

இந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு சோதனை. சப்ளையை நிறுத்திவிட்டு, பயாஸ் பகுதியின் இரு முனையையும் வயரால் ஷார்ட் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள். எமிட்டர் ரெசிஸ்டரில் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு வந்தால் பெரும்பாலும் கோளாறு பயாஸில். வரவில்லையென்றால் டிரான்சிஸ்டர் லீக், அல்லது ஆஸிலேஷன் (ஆம்ப்ளிஃபயர் தானாகவே அதிவேகமாக அலைவது). 2என்3055-க்காக வரைந்த பழைய சர்க்யூட்டில் வேகமான 2எஸ்சி5200-ஐப் போட்டவர்கள் இரண்டாவதைச் சந்தேகிக்கலாம். காதுக்குக் கேட்காது, மல்டிமீட்டரும் காட்டாது, ஆஸிலோஸ்கோப் வேண்டும். அவுட்புட்டில் 10 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் ஜோடி இருக்கிறதா, டிரைவருக்கு முந்தைய டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே பிகோஃபாரட் கெபாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை பிரீசெட்டைத் திருகிப் பயனில்லை.