சி.ஏ.டி. ஏழாம் தலைமுறை டூர்னிக்கெட்: ஏழு மாத முகாம் வாழ்வுக்குப் பின் ஒரு மதிப்புரை

ராக்கெட்டும் மோர்ட்டார் குண்டும் எந்த நேரத்திலும் வந்து விழக்கூடிய முகாமில் ஏழு மாதங்கள் பணியாற்றியபோது, உறங்கும் வேளையிலும் என் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருந்த பொருள் இந்த டூர்னிக்கெட்; அதாவது, இரத்தப்போக்கை நிறுத்தக் கையிலோ காலிலோ இறுக்கிக் கட்டும் பட்டை. சி.ஏ.டி. என்பது 'காம்பாட் அப்ளிகேஷன் டூர்னிக்கெட்' என்பதன் சுருக்கம். கால் தமனி அறுபட்டால் சில நிமிடங்களில் உயிர் பிரிந்துவிடும். மருத்துவ உதவியாளர் வந்து சேரும்வரை காயம்பட்டவரே தம் இரத்தப்போக்கை நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால், இருட்டில் ஒரே கையால் கட்டிக்கொள்ள முடிகிறதா என்பதையே முதலில் சோதித்தேன்.

முடிகிறது. பட்டையைக் கொக்கியில் ஒருமுறை கோத்து இழுத்து, பட்டையின் மேலுள்ள சிறு கோலை முறுக்கி, அதன் முனையை அருகிலுள்ள பிடிக்குள் செருகினால் போதும். கோலைத் தொடுவதற்கு முன்பே பட்டையின் தளர்வு முழுவதையும் இழுத்துவிட வேண்டும் என்பது பயிற்சியில் பலரும் தவறவிடும் இடம். தளர்வு இருந்தால் எத்தனை முறுக்கு முறுக்கினாலும் தமனி அடைபடாது. வலி கடுமையாக இருக்கும், அதற்காகத் தளர்த்திவிடக் கூடாது. காயத்துக்கு 5 முதல் 8 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்துக் கட்ட வேண்டும். 2006இல் பாக்தாத் போர்க்கள மருத்துவமனையில் நடந்த ஆய்வில், இரத்த இழப்பால் உடல் நிலைகுலையும் அதிர்ச்சி நிலைக்குப் போகுமுன் கட்டப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினரும், அதன்பின் கட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரும் பிழைத்தனர். அபாயச் சங்கு கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடும்போதெல்லாம் என் கை தானாகவே இடுப்புப் பையைத் தடவிப் பார்த்ததற்கு இந்த எண்களே காரணம்.

குறைகளும் உண்டு. ஒட்டுப்பட்டையில் புழுதி ஏறினால் பிடிமானம் குறைகிறது. வெயிலில் தொங்கவிட்டால் பிளாஸ்டிக் நலிகிறது. கட்டிய நேரத்தை எழுத சாம்பல் நிறப் பட்டி இருக்கிறது, ஆனால் பேனாவை நாமே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். என் பிரிவைச் சேர்ந்த ஒருவர் மலிவாக வாங்கிய போலிக் கருவியின் கோல், பயிற்சியில் இரண்டாம் முறுக்கிலேயே வளைந்துவிட்டது. அன்றிரவு எங்களில் எவரும் சரியாக உறங்கவில்லை. ஆளுக்காள் தம் பையைத் திறந்து கோலை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாங்குபவர்கள் பயிற்சிக்கென ஒன்றைத் தனியாக வாங்குங்கள்; முறுக்கிப் பழகியதை உயிர்காக்க வைத்திருக்காதீர்கள். உண்மையானதை உறையிலிருந்து பிரித்து, மடித்து, குழுவினர் அனைவரும் ஒரே இடத்தில் அணியுங்கள். அடுத்த பணிக்கு நான் இரண்டு எடுத்துச் செல்கிறேன், ஏனெனில் தொடையில் ஒன்று போதாமல் அதன் அருகிலேயே மற்றொன்றைக் கட்ட வேண்டி வரலாம்.