செயற்கை மூட்டில் தொற்று: 6 வாரமா, 12 வாரமா?
முழங்கால், இடுப்பு மாற்று மூட்டில் தொற்று வந்து அறுவை செய்தபின் ஆன்டிபயாடிக்கை 6 வாரத்தோடு நிறுத்தலாமா என்றால், பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2021-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், இரண்டு ஆண்டுக்குள் தொற்று தீராமல் நின்றது 6 வாரக்காரர்களில் 18.1 சதவீதம், 12 வாரக்காரர்களில் 9.4. அதிலும் மூட்டைக் கழற்றாமல் சீழையும் கெட்ட தசையையும் சுரண்டிக் கழுவிவிட்டவர்களிடம் வித்தியாசம் இன்னும் பெரிது, 30.7-க்கு 14.5, உலோகத்தின் மேல் கிருமிகள் படலம் கட்டிக்கொண்டு ஒளிந்துகொள்வதால் மருந்து அங்கே லேசில் எட்டாது. சரி, 6 வாரம் எதற்குப் போதும்? உலோகம் எதுவும் வைக்காத முதுகெலும்புத் தொற்றுக்குப் போதும், அதை 2015-இல் இன்னொரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது. குமட்டல், வயிற்றுப்போக்கு வந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றித் தருவார்.